ஈட், டீ, ஏட்

வணக்கம் ஐயா,

நான் கொருக்குப்பேட்டையில் இருக்கிறேன். சாயங்காலம் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் பன்னிரண்டு பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். எல்லாரும் மூன்றாவது, நான்காவது படிக்கிறவர்கள். தமிழ் நன்றாகவே வாசிக்கிறார்கள். இங்கிலீஷில் சின்னச் சின்ன வார்த்தைகளில்தான் தடுமாறுகிறார்கள். ஈட், டீ, ஏட் மூன்றையும் மாற்றி மாற்றிப் படிக்கிறார்கள். அப்பா காசிமேட்டில் மீன்பிடி போட்டுக்குப் போகிற ஒரு பையன் 'வாஸ்' என்று இருந்தால் 'சா' என்கிறான். இம்போசிஷன் கொடுத்துப் பார்த்தேன், பலனில்லை. அப்புறம் அட்டைகளில் எழுத்துகளை எழுதி, கலைத்து, வார்த்தை சேர்க்க விட்டேன். ஆர்வமாக உட்காருகிறார்கள். ஆனால் ஒரு பையனின் அம்மா, "காசு கொடுத்து விளையாடவா அனுப்பினேன்?" என்று கேட்டுவிட்டார். எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. இதனால் பயன் உண்டா?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

உண்டு. விட்டுவிடாதீர்கள். அந்த அம்மா கேட்டதிலும் நியாயம் இருக்கிறது. அவருக்குச் சொல்ல உங்களிடம் ஒரு பதில் இருக்க வேண்டும் என்பதற்காகக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

உங்கள் பிள்ளைகள் தமிழை நன்றாக வாசிக்கிறார்கள் என்கிறீர்களே, விஷயம் அங்கேதான் தொடங்குகிறது. நகரம் என்பதில் இரண்டு எழுத்தை இடம் மாற்றினால் நரகம். கதவை மாற்றினால் தகவு. பொருள் எங்கோ போய்விடுகிறது, ஆனால் எழுத்து தன் ஒலியைக் கையோடு கொண்டுபோகிறது. கதவில் முதலில் நிற்கும் 'க'வும் தகவில் நடுவே நிற்கும் 'க'வும் ஒலியில் கொஞ்சம் வேறுதான். ஆனால் அதற்கு ஓர் ஒழுங்கு உண்டு, யாரும் சொல்லித் தராமலே பிள்ளையின் நாக்கு அதைச் செய்துவிடுகிறது. அந்த நம்பிக்கையோடுதான் அவன் இங்கிலீஷுக்கு வருகிறான்.

வந்தால் அங்கே ஈ, ஏ, டி என்று மூன்று எழுத்து. ஈ-ஏ-டி என்று வைத்தால் ஈட், சாப்பிடு. டி-யை முன்னால் கொண்டுவந்தால் டீ. இரண்டிலும் ஈ-யும் ஏ-யும் ஒட்டி நின்று ஒரே 'ஈ' ஒலியைத் தருகின்றன. பிள்ளைக்குப் பிடிபட்டுவிட்டது என்று நாம் நினைக்கும்போது ஏ-டி-ஈ வருகிறது: ஏட், சாப்பிட்டேன். இப்போது கடைசி ஈ வாயே திறப்பதில்லை. தான் பேசாமல் நின்று, முன்னால் உள்ள ஏ-யை நீட்டி ஒலிக்க வைக்கிறது. இங்கிலாந்தில் பலர் இந்தச் சொல்லை எட் என்றே சொல்வார்கள், அது வேறு கதை. அதே மூன்று எழுத்து, மூன்று இடம், மூன்று வேலை. இதை எந்த இம்போசிஷனும் காட்டித் தராது. நூறு முறை எழுதுகிற பிள்ளை நூறு முறையும் வார்த்தையை ஒரே கட்டியாகத்தான் பார்க்கிறது. அட்டையை நகர்த்தும்போதுதான், எழுத்து இடம் மாறினால் ஒலியும் மாறுகிறது என்பது அதன் கைக்குத் தெரிகிறது.

இங்கிலீஷ் எழுத்துமுறை ஏன் இப்படி என்று பெரிய பிள்ளைகள் கேட்டால் சொல்லுங்கள்: காக்ஸ்டன் என்பவர் 1476-இல் இங்கிலாந்துக்கு அச்சு இயந்திரத்தைக் கொண்டுவந்தார். எழுத்துக்கூட்டல் கொஞ்சம் கொஞ்சமாக உறைந்தது. அதே காலத்தில் மக்கள் வாயில் உயிரொலிகள் மாறிக்கொண்டே இருந்தன. எழுத்து நின்றுவிட்டது, பேச்சு நடந்துவிட்டது.

எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் வரிசைகட்டி நிற்கும் லாரிகளின் பின்னால் ஸ்டாப் என்று எழுதியிருக்கும். எஸ், டி, ஓ, பி. நான்கு எழுத்தை 24 விதமாக அடுக்கலாம். இந்த நான்கில் ஆறு அடுக்கு நல்ல வார்த்தையாக வரும்: ஸ்டாப், ஸ்பாட், போஸ்ட், பாட்ஸ், டாப்ஸ், ஆப்ட்ஸ். எஸ் செய்யும் வேலையைப் பாருங்கள். மூன்றில் கடைசியில், இரண்டில் முதலில், போஸ்டில் மட்டும் நடுவில் நிற்கிறது. ஓ-வும் அந்தப் போஸ்டில் மட்டும்தான் தன் பெயரைச் சொல்லி ஒலிக்கிறது. மற்ற ஐந்திலும் அது ஆ-வுக்குப் பக்கத்து வீடு. ஸ்டாப்பும் ஸ்பாட்டும் நம் பிள்ளைகளுக்கு வாயில் நுழையச் சிரமமாக இருந்தால் திட்டாதீர்கள். சொல்லுக்கு முதலில் மெய்யெழுத்து வராது என்பது தொல்காப்பியக் காலத்து விதி. 'இஸ்டாப்பிங்' என்று சொல்கிற பாட்டி அந்த விதிப்படிதான் பேசுகிறார்.

எனக்கு இதில் இவ்வளவு பிடிப்பு வரக் காரணம் ஒன்று உண்டு. இருபது வயதில் திருவொற்றியூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில், பெட்டிகளின் எண்ணைக் குறித்துக்கொள்ளும் டாலி கிளார்க்காக இருந்தேன். ஒவ்வொரு பெட்டியின் மேலும் நான்கு எழுத்து இருக்கும். முதல் மூன்று எழுத்து பெட்டி யாருடையது என்று சொல்லும், நான்காவது யூ. அப்புறம் ஆறு எண், அதற்கும் பிறகு கட்டம் போட்ட ஒற்றை எண். ஒருநாள் மழையில், டார்ச் வெளிச்சத்தில் இரண்டு எழுத்தை மாற்றி எழுதிவிட்டேன். எழுத்தெல்லாம் சரி, வரிசைதான் தப்பு. கேட்டில் கம்ப்யூட்டர் ஏற்கவில்லை. டிரெய்லர் இரவெல்லாம் அங்கேயே நின்றது. டிரைவர் அண்ணன் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை, ஸ்டியரிங்கில் தலை வைத்துத் தூங்கினார். இன்றும் அது எனக்கு வலிக்கிறது.

காலையில் சூப்பர்வைசர் விளக்கினார். ஒவ்வொரு எழுத்துக்கும் எண்ணுக்கும் ஒரு மதிப்பு. அதை நிற்கும் இடத்துக்கு ஏற்ப 1, 2, 4, 8 என்று இரட்டித்துக்கொண்டே போய்ப் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி, 11-ஆல் வகுக்க வேண்டும். வரும் மீதிதான் கட்டத்துக்குள் இருக்கும் எண். மீதி 10 என்றால் 0 போடுவார்கள். இடத்துக்கு ஒரு கணக்கு இருப்பதால், பக்கத்துப் பக்கத்து எழுத்து இடம் மாறினால் பெரும்பாலும் மாட்டிக்கொள்ளும். அந்த அம்மா யார்டிலோ ஹார்பரிலோ வேலை செய்கிறவர்களைத் தெரிந்தவராக இருந்தால் இதைச் சொல்லுங்கள், உடனே புரிந்துகொள்வார்.

சரி, 'வாஸ்'-ஐ 'சா' என்கிற பையனுக்கு வருவோம். டபிள்யூ, ஏ, எஸ் என்ற மூன்று எழுத்தையும் அவன் சரியாகவே பார்க்கிறான், வலப்பக்கத்திலிருந்து நுழைகிறான். படிக்கத் தொடங்கிய முதல் இரண்டு மூன்று வருடத்தில் பல பிள்ளைகளுக்கும் இது வரும். ஆன், நோ இரண்டையும்கூடக் குழப்புவார்கள். டபிள்யூ அட்டையின் மூலையில் ஒரு பச்சைப் புள்ளி வைத்து, 'பச்சையில் கிளம்பு' என்று விரலை அங்கே வைக்கச் சொல்லுங்கள். 'கொ'வில் கொம்பு முன்னால் நின்றாலும் ஒலியைப் பின்னால் சொல்லப் பழகிய பிள்ளை அவன், இதுவும் வரும். நாளாகியும் மாறாமல், எழுதுவதிலும் வேறு பாடங்களிலும் சேர்ந்து சிரமப்பட்டால், பெற்றோரிடம் பக்குவமாகப் பேசி, டிஸ்லெக்சியா என்கிற வாசிப்புச் சிரமம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் நம் ஊரிலேயே இருக்கிறது. அவனைச் சோம்பேறி என்று மட்டும் யாரும் சொல்ல விடாதீர்கள்.

விளையாட்டைப் பற்றி இரண்டு யோசனை. பழைய கல்யாணப் பத்திரிகை அட்டை கெட்டியாக இருக்கும், அதை வெட்டிக்கொள்ளுங்கள். ஒரேயடியாக ஏழெட்டு எழுத்தைக் கொட்டாதீர்கள். மூன்றே எழுத்து போதும். ஒரு நேரத்தில் ஓர் அட்டையை மட்டும் நகர்த்தி, நகர்த்தியதும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும், பொருளைத் தமிழில் சொல்ல வேண்டும்.

காசிமேட்டுப் பையனுக்கு என், ஈ, டி கொடுங்கள். நெட் என்றால் வலை, திருப்பினால் டென், பத்து. அவன் வீட்டுச் சொல்லோடு தொடங்கட்டும். அது பழகியபின் நான்கு எழுத்து: 'டாப்'புக்கு வரும் டி, ஐ, 'டோரு'க்கு வரும் டி, ஈ. தமிழில் எழுதினால் இரண்டு டி-யும் ஒன்றுபோலத் தெரியும், அட்டையில் அவன் பிரித்துப் பார்ப்பான். இவற்றில் டயட் வரும், எடிட் வரும். அப்புறம் டைட் இரண்டு முறை வரும். ஒன்று கடல் ஏறி வற்றுவது, இன்னொன்று கயிற்றில் கட்டியது. ஒலியும் ஒன்றே, எழுத்துகளும் அவையே, கடைசி இரண்டு அட்டைதான் இடம் மாறியிருக்கும். தண்ணீர் ஏறும்போது அப்பாவின் போட் எப்படி நிற்கும் என்று அவனைக் கேளுங்கள். இரண்டு வார்த்தையையும் அவனே அடுக்கட்டும்.