விசேஷ வீட்டில் யாரிடமாவது ரூபாய் நோட்டு வாங்கி மேஜிக் செய்து காட்ட ஆசை. எப்படித் தொடங்கலாம்?

முதலில் நான் ஒன்று கேட்கிறேன்: யாரிடம் வாங்கப் போகிறீர்கள்?

நாலு வீடியோ பார்த்துவிட்டு, கண்ணாடி முன்னால் பத்து ரூபாய் நோட்டை மடித்து மடித்துப் பழகிக்கொண்டிருப்பீர்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். பத்து ரூபாயில் பழகாதீர்கள். புதுப் பத்து 123 மில்லிமீட்டர் நீளம், ஐந்நூறு 150. மடித்து உள்ளங்கையில் மறைக்கும்போது அந்த வித்தியாசம் நன்றாகவே உறுத்தும். ஏடிஎம்மிலிருந்து வந்த சலவை நோட்டு வேறு சரசரவென்று சத்தம் போட்டுக் காட்டிக்கொடுக்கும். பல கை மாறித் துணி மாதிரி ஆன நோட்டுதான் சொன்ன பேச்சைக் கேட்கும்.

கை வேலை அவ்வளவுதான். பழகினால் வந்துவிடும். எனக்கு வராமல் போனது வேறு.

2022இல் அக்காவுக்கு வளைகாப்பு. பாளையங்கோட்டையில் அத்தான் வீடு. சாப்பாடு முடிந்து எல்லாரும் சாய்ந்து உட்கார்ந்திருந்த நேரம், எலுமிச்சம்பழத்துக்குள் நோட்டை வரவைக்கும் வித்தையைக் காட்டலாம் என்று எழுந்தேன். நூறு வருஷத்துக்கும் மேலாக மேடைகளில் ஓடுகிற பழைய வித்தைதான். "யாராவது ஒரு நூறு ரூபா குடுங்க" என்றேன். இளவட்டங்கள் அத்தனையும் போனைத் தூக்கிக் காட்டின. "ஜிபே பண்ணட்டா அண்ணே?" ஒரே சிரிப்பு.

கடைசியில் அத்தானின் சித்தப்பா (நான் மாமா என்று கூப்பிடுகிறவர்) பர்ஸைத் திறந்தார். மொய் எழுதியது போக உள்ளே வேறு தாள் இல்லை போலிருக்கிறது. முருகன் படத்துக்குப் பின்னாலிருந்து ஒரு நோட்டை உருவினார். கொஞ்சம் தயங்கினார். தயங்கியதை நான் பார்த்தேன். பார்த்தும் கையை நீட்டினேன். அத்தனை பேர் முன்னால், சம்பந்தி வீட்டுப் பையன் கேட்கும்போது, அந்த மனுஷன் எப்படி இல்லை என்று சொல்வார்?

வந்தது பழைய நீல நூறு.

என் தயாரிப்பு மொத்தமும் 2018இல் வந்த ஊதா நூறுக்கு. ஊதா 142க்கு 66 மில்லிமீட்டர், நீலம் 157க்கு 73. நிறம் வேறு, அளவும் வேறு. இதற்கு மேல் விளக்கினால் வித்தைக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள், புரிந்தவர்கள் புரிந்துகொள்ளுங்கள். "வேற நோட்டு இருந்தா குடுங்க மாமா" என்று அப்போதே திருப்பிக் கொடுத்திருக்கலாம். சுற்றிப் பத்துப் பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ரோஷம் விடவில்லை. நோட்டின் மூலையைக் கிழித்து அடையாளத்துக்குக் கொடுத்துவைக்கும் வகைக்கு மாறினேன்.

கிழித்தேன். துண்டை ஒரு பையன் கையில் திணித்தேன். நோட்டு மாயமானது, பழம் வந்தது, அறுத்தேன், சாறு சொட்டச் சொட்ட நீல நூறு வெளியே வந்தது. பையன் கையிலிருந்த துண்டு கச்சிதமாகப் பொருந்தியது. கைதட்டல். வாழ்க்கையில் நான் அவ்வளவு சுத்தமாக அந்த வித்தையைச் செய்ததில்லை.

மாமாவின் மனைவி என்னிடம் எதுவும் சொல்லவில்லை. பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்: "எங்க அத்தை கண்ண மூடுறதுக்கு முந்தின நாளு இவுக கையில குடுத்த ரூவால்லா அது."

மாமா "சரி விடு, விளையாட்டுப் பிள்ளை" என்று ஈர நோட்டை வேட்டியில் ஒற்றிக்கொண்டிருந்தார். இதற்குள் எங்கள் ஆச்சி வேறு: "பிள்ளத்தாச்சி இருக்க வீட்டுல எலுமிச்சம்பழத்த அறுத்து என்னல பண்ணுத, செய்வினை கணக்கா?" அக்காவுக்கு உப்பைச் சுற்றித் தண்ணீரில் போட்ட பிறகுதான் அடங்கினாள்.

மூலை போனால் என்ன, நோட்டு செல்லும்தானே என்று சிலர் வருவீர்கள். செல்லும், எனக்கும் விதி தெரியும். ஐம்பதும் அதற்கு மேலும் என்றால், மிஞ்சிய பெரிய துண்டு 80 சதவீதத்துக்கு மேல் இருந்தால் வங்கியில் முழு மதிப்பும் தர வேண்டும். வேண்டுமென்றே கிழித்தது என்று கண்டுகொண்டால் தர மாட்டார்கள், அதுவும் விதிதான். ஆனால் மாமா அதைச் செலவழிக்கவா வைத்திருந்தார்?

விதி என்றதும் ஞாபகம் வருகிறது. தானாகவே ஓரம் கிழிந்த இருபது ரூபாயை பஸ் கண்டக்டர் வாங்கவில்லை, மளிகைக் கடையில் வாங்கவில்லை, ஒரு வங்கிக் கவுண்டரில் "மெயின் பிராஞ்சுல போய்க் கேளுங்க" என்றார்கள். ஆனால் மீதிச் சில்லறையில் மட்டும் அதே மாதிரி நோட்டை நடுவில் செருகி நம்மிடம் தள்ளிவிடுவார்கள். பத்து ரூபாய் நாணயக் கதையை ஆரம்பித்தால் இந்தப் பதில் இன்று முடியாது. செல்லும் என்று ரிசர்வ் வங்கி எத்தனை தடவை சொல்லியாயிற்று!

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். கிழிப்பது, எரிப்பது எல்லாம் வேண்டவே வேண்டாம். பர்ஸில் நாலைந்து தாள் வைத்திருப்பவரிடம் கேளுங்கள், மேலே இருப்பதை வாங்குங்கள். சாமி படத்துக்குப் பின்னாலிருந்து வருவது, மஞ்சள் குங்குமம் பட்டது, 786 எண் உள்ளது, இவற்றைத் தொடாதீர்கள். யாராவது தயங்கினால் உடனே வேறு ஆளைப் பாருங்கள்.

ஒரு நல்ல பேச்சும் தருகிறேன். "நோட்டின் பின்பக்கத்துப் பெட்டியில் 15 மொழி இருக்கு, தமிழ் மேலிருந்து எத்தனையாவது வரி?" என்று கேளுங்கள். 13ஆவது. தினமும் கையில் புழங்கும் நோட்டுதான், ஒருவருக்கும் தெரியாது. அத்தனை தலையும் குனிந்து எண்ணும்போது உங்கள் இன்னொரு கை என்ன செய்கிறது என்று யாரும் பார்க்க மாட்டார்கள்.

சொந்த நோட்டிலேயே செய்துவிட்டால் என்ன என்று கேட்டால், செய்யலாம், ஆனால் பார்ப்பவர்கள் நோட்டின் மேல்தான் சந்தேகப்படுவார்கள். கடன் வாங்கினால்தான் களை.

மாமா அந்த நோட்டை செல்லோடேப் ஒட்டி மறுபடியும் முருகனுக்குப் பின்னால் வைத்திருக்கிறார். போன பொங்கலுக்குப் போயிருந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பர்ஸிலிருந்து ஒரு ஊதா நூறை எடுத்து நீட்டி, "இத வேணா கிழி மாப்ள" என்றார்.

அன்றைக்கு என்னிடம் எலுமிச்சம்பழம் இல்லை.