ஏஎன்-225 மாடல் ஓடுகிறது, எழவில்லை: மோட்டாரை விட்டுவிட்டு சக்கரத்தைப் பாருங்கள்

கேள்வி: 1:40 அளவில் டெப்ரான் ஃபோமில் ஏஎன்-225 மிரியா என்ற ராட்சதச் சரக்கு விமானத்தின் ரிமோட் மாடல் செய்திருக்கிறேன். இறக்கை 2.2 மீட்டர், பறக்கும் எடை 4 கிலோ, 4 செல் லிப்போ பேட்டரியில் ஓடும் 50 மி.மீ. ஈடிஎஃப் (குழாய்க்குள் சுழலும் மின்விசிறி) ஆறு. தார் ஓடுதளத்தில் நேராக ஓடுகிறது. எலிவேட்டரை (மூக்கை ஏற்றி இறக்கும் கிடைவால் மடிப்பை) முழுக்க இழுத்தாலும் மூக்கு எழவில்லை. கடைசியில் ஒரேயடியாகத் துள்ளி எழுந்து, ஒரு பக்க இறக்கை சரிந்து விழுகிறது. இரண்டு முறையும் இதே கதை. 64 மி.மீ. ஈடிஎஃப்புக்கு மாறலாமா?

பதில்: மாற வேண்டாம். 4 செல்லில் 50 மி.மீ. ஈடிஎஃப் ஒன்று 500 முதல் 600 கிராம் வரை தள்ளும். ஆறும் சேர்ந்தால் 3 கிலோவுக்கு மேல். நிஜ விமானத்தில் இருந்தவை ஆறு டி-18டி இன்ஜின்கள், ஒவ்வொன்றும் சுமார் 23.4 டன் உந்துவிசை. மொத்தம் 140 டன்னை வைத்துக்கொண்டு அது 640 டன் வரை தூக்கியது. எடையோடு ஒப்பிட்டால் உங்கள் மாடலுக்கு அதைப்போல மூன்று மடங்குக்கு மேல் பலம் இருக்கிறது. பெரிய ஃபேன் போட்டால் எடையும் ஆம்பியரும் ஏறும். மூக்கு அப்போதும் எழாது.

கோளாறு பெரும்பாலும் பிரதான சக்கரங்களில்தான். மிரியாவுக்கு மொத்தம் 32 சக்கரங்கள்: மூக்கில் 4, உடலின் இரு பக்கமும் ஏழு வரிசைகளில் 28. மாடலில் இந்த ஏழு வரிசையையும் ஒரே பலகையில் அசையாமல் இறுக்கிவிடுவதுதான் வழக்கமான தவறு. மூக்கு மேலே எழ வேண்டுமானால், தரையைத் தொடும் கடைசிச் சக்கரத்தை அச்சாக வைத்துத்தான் விமானம் சாய முடியும். ஏழாவது வரிசையோ சிஜிக்கு (எடை மையத்துக்கு) வெகு பின்னால் கிடக்கிறது.

கணக்குப் போட்டால் புரியும். அச்சு சிஜிக்கு 30 மி.மீ. பின்னால் இருந்து, வாலின் தூரம் 900 மி.மீ. என்றால், 4 கிலோவைச் சாய்க்க வால் கீழ்நோக்கி ஏறக்குறைய 130 கிராம் அழுத்தினால் போதும். அதே அச்சு 150 மி.மீ. பின்னால் போனால் 670 கிராம் வேண்டும். ஓடும் வேகத்தில் உங்கள் எலிவேட்டரால் அது முடியாது. அதனால் விமானம் தேவைக்கு மேல் வேகம் பிடித்து ஓடுகிறது. இறக்கையின் தூக்குவிசை சக்கரங்களின் சுமையைக் குறைத்ததும் அந்தப் பிடி விட்டுப்போகிறது. எலிவேட்டர் முழு மேலே, வேகமும் அதிகம். மூக்கு விருட்டென்று நிமிர்கிறது, இறக்கை நுனி ஸ்டால் ஆகிறது, அதாவது தூக்குவிசையை இழக்கிறது. நீங்கள் பார்த்த துள்ளல் இதுதான்.

சரிசெய்யும் முறை இது. பேட்டரியோடு மாடலைத் தயார்நிலையில் வைத்து, தரையிலிருந்து சிஜியின் உயரத்தை அளந்துகொள்ளுங்கள். அதில் ஐந்தில் ஒரு பங்கு தூரம் பின்னால் அச்சு இருக்க வேண்டும், 140 மி.மீ. உயரம் என்றால் 28 முதல் 30 மி.மீ. அந்த இடத்துக்கு மிக நெருங்கிய வரிசை மட்டும் சுமை தாங்கட்டும். அதற்கு முன்னுள்ளவற்றை 2 மி.மீ. உயர்த்தி இறுக்கிவிடலாம். பின்னுள்ளவற்றை அப்படி உயர்த்திச் சமாளிக்க முடியாது. 120 மி.மீ. பின்னால் உள்ள சக்கரம் 8 டிகிரி சாய்வுக்கு 17 மி.மீ. மேலே போக வேண்டும். நிரந்தரமாக அவ்வளவு உயர்த்தினால் பார்க்க அசிங்கம். தனித்தனி ஆடுகரத்தில் தொங்கவிட்டு, மெல்லிய ஸ்பிரிங்கோ ரப்பரோ கொடுங்கள். அது சக்கரத்தின் சொந்த எடையைத் தாங்கினால் போதும். டாக்ஸி செய்யும்போது, அதாவது தரையில் மெதுவாக ஓட்டும்போது, திரும்ப மறுக்கும் தொல்லையும் இதோடு தீரும். நிஜ விமானத்தில் பிரதான சக்கரங்களிலும் சில வரிசைகள் திரும்பக்கூடியவையாக இருந்தன. மாடலில் அவை வெறுமனே தேய்த்துக்கொண்டு வரும்.

சக்கரத்தை வெட்டும் முன் சிஜியையும் ஒருமுறை சரிபாருங்கள், ஏனென்றால் அதுவும் இதே அறிகுறியைக் காட்டும். பின்னோக்கிச் சாய்ந்த இறக்கையில் அடிப்பகுதி அகலத்தின் 25 சதவீதத்தில் சிஜி வைத்தால் மூக்கு கனத்துவிடும். சராசரி அகலத்தில், அதாவது எம்ஏசியில், 25 முதல் 28 சதவீதம் என்பதே சரி. ஒரு பக்க இறக்கையைத் தாளில் வரையுங்கள். அடிக்கோட்டை நுனி அகலத்தின் அளவு பின்னாலும், நுனிக்கோட்டை அடி அகலத்தின் அளவு முன்னாலும் நீட்டி, அந்த முனைகளை இணையுங்கள். அந்தக் கோடு, அடி அகலத்தின் நடுப்புள்ளியையும் நுனி அகலத்தின் நடுப்புள்ளியையும் இணைக்கும் கோட்டை வெட்டும் இடத்தில்தான் எம்ஏசி.

நுனி ஸ்டாலுக்கு: 10 மீ/வி வேகத்தில் சிறிய நுனி அகலம் காற்றைப் பிடித்து வைக்காது. நுனியில் 2 முதல் 3 டிகிரி வாஷ்அவுட் (முன்விளிம்பு கீழ்நோக்கி இருக்கும் திருகல்) தேவை. ஒட்டி முடித்த இறக்கையைத் திருக முடியாதென்றால், டேக்-ஆஃப் ஸ்விட்சில் நுனிப் பக்க மடிப்புகளான இரண்டு ஏலரான்களையும் 2 மி.மீ. மேலே தூக்கி, உட்பக்க மடிப்பான ஃபிளாப்பை 15 டிகிரி இறக்குங்கள். அதே பக்கமே மீண்டும் சரிந்தால் அந்த இறக்கையில் திருகல் இருக்கிறதா, அந்தப் பக்க வெளி மோட்டார் தாமதமாகக் கிளம்புகிறதா என்று பாருங்கள். மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஆறு ஈஎஸ்சிக்கும் த்ராட்டில் அளவை ஒரே நேரத்தில் பதியவைக்க வேண்டும்.

வயரிங்கில் ஒரு விஷயம். இரண்டு பேட்டரி என்றால் இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என்று பிரிக்காதீர்கள். ஒன்று செத்தால் விமானம் சுழன்றுவிடும். இடமிருந்து எண்ணி 1, 3, 6 ஒரு பேட்டரிக்கு. 2, 4, 5 மற்றதற்கு. நீட்ட வேண்டியது ஈஎஸ்சியிலிருந்து மோட்டாருக்குப் போகும் வயரை. பேட்டரிப் பக்க வயரை நீட்டித்தான் ஆக வேண்டுமென்றால் ஈஎஸ்சி வாயிலில் 470 மைக்ரோஃபாரட், 35 வோல்ட் கெபாசிட்டர் சேருங்கள். ரிசீவருக்கு மின்சாரம் தரத் தனி யுபெக். ஆறு ஈஎஸ்சியிலிருந்தும் ரிசீவருக்குப் போகும் சிவப்பு வயரைக் கழற்றிவிடுங்கள்.

வாலையும் விரலால் முறுக்கிப் பாருங்கள். முதுகில் புரான் விண்கலத்தைச் சுமக்கும்போது நடுவில் காற்று கலங்கும் என்பதால்தான் மிரியாவுக்கு இரட்டைச் செங்குத்து வால். மாடலில் அந்த எடை இரு முனையிலும் உட்கார்ந்து படபடப்பை உண்டாக்கும். கிடைவாலுக்குள் 6 மி.மீ. கார்பன் குழாய், செங்குத்து வால்களுக்கு 3 மி.மீ. டெப்ரான் போதும்.

பிறகு பறக்கவிடாமல் ஓட்டிப் பாருங்கள். பாதி த்ராட்டிலில் ஓடவிட்டு, பாதி எலிவேட்டர் கொடுங்கள். மூக்குச் சக்கரம் மெதுவாகத் தரையை விட்டால் உடனே த்ராட்டிலை மூடிவிடலாம். மூன்று ஓட்டத்திலும் அது ஒரே இடத்தில் எழ வேண்டும். எழவில்லையென்றால் அச்சை இன்னும் 5 மி.மீ. முன்னால் நகர்த்துங்கள். நிறுத்தி வைக்கும்போதே வால் தரையில் உட்கார்ந்தால் அளவுக்கு மீறி நகர்த்திவிட்டீர்கள்.