வாசகர் கேள்வி-பதில்: வரிசையின் கடைசியில் யார் நடப்பார்?

கேள்வி: எனக்கு 58 வயது. தினமும் காலையில் பூங்காவில் 4 கிலோமீட்டர் நடக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஏரிக்கரைகளுக்கும் சிறு குன்றுகளுக்கும் போகும் நடைக்குழு ஒன்றில் சேர விரும்புகிறேன். ஆனால் அதில் இளைஞர்களே அதிகம். அவர்களுக்குப் பாரமாகிவிடுவேனோ என்று தயக்கமாக இருக்கிறது.
— ஒரு வாசகி, பெரம்பூர்

பதில்: தயங்காமல் சேருங்கள். ஆனால் அதற்கு முன்பு, குழுவை நடத்துபவரிடம் ஒரே ஒரு கேள்வியைக் கேளுங்கள்: "வரிசையின் கடைசியில் யார் நடப்பார்?" இன்னார் என்று உடனே பதில் வந்தால் நம்பிப் போகலாம். "அதெல்லாம் அங்கே பார்த்துக்கொள்ளலாம் மேடம்" என்று பதில் வந்தால் வேறு குழுவைத் தேடுவதே நல்லது.

முழங்கால் வலி தொடங்கிய காலத்தில், செங்கல்பட்டுக்கு மின்சார ரயிலில் போய், அங்கிருந்து ஓர் ஏரிக்கரை வழியாக நடந்த குழுவில் நானும் ஒருவனாக இருந்தேன். ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர் ஒருவர், கழுத்தில் விசிலும் தோள்பையில் கடலை மிட்டாயுமாக, எல்லோருக்கும் பின்னால் வந்துகொண்டிருந்தார். நான் மூச்சுவாங்கி நின்றபோதெல்லாம் அவர் "முடியவில்லையா?" என்று கேட்கவே இல்லை, குனிந்து தன் ஷூ கயிற்றை அவிழ்த்து, நிதானமாக மறுபடியும் கட்டிக்கொண்டிருப்பார். மூன்றாவது முறை அவர் குனிந்தபோதுதான், அந்தக் கயிறு எனக்காகவே அவிழ்கிறது என்பது புரிந்தது. இன்று வரை நான் நடப்பதற்கு அவரும் ஒரு காரணம்.

இதற்கு நேர்மாறான குழுக்களிலும் நடந்திருக்கிறேன். முன்னால் போனவர்கள் புளியமர நிழலில் உட்கார்ந்து தண்ணீர் குடித்து, வியர்வை ஆறி, கடைசி ஆள் வந்து சேர்ந்த நொடியில் "கிளம்பலாமா?" என்று எழுந்துவிடுவார்கள். அதனால், யாருக்கு ஓய்வு அதிகம் தேவையோ அவருக்கு மட்டும் ஓய்வே கிடைக்காமல் போகும். கடைசியாக வருபவர் உட்கார்ந்த பிறகே ஓய்வு நேரத்தைக் கணக்கிட வேண்டும் என்பதை ஒரு குழு விதியாகவே வைத்துக்கொள்ளலாம்.

பூங்காவின் சமதள நடை ஏற்றத்துக்குப் போதிய பயிற்சியாகாது. வாரத்தில் மூன்று நாளாவது மாடிப்படி ஏறி இறங்குங்கள். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த வில்லியம் நெய்ஸ்மித் என்ற மலையேறி 1892-இல் சொன்ன கணக்கு ஒன்று உண்டு: சமதளத்தில் மணிக்கு ஏறத்தாழ 5 கிலோமீட்டர், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். அது குளிர்ந்த நாட்டின் கணக்கு. நம் வெயிலில், ஓய்வையும் சேர்த்து, அதைப்போல ஒன்றரை மடங்கு நேரமாவது ஒதுக்குங்கள். சர்க்கரைக்கோ ரத்த அழுத்தத்துக்கோ மாத்திரை எடுப்பவராக இருந்தால், மருத்துவரிடம் கேட்டுக்கொள்வதோடு, உடன் நடக்கும் ஒருவரிடமாவது அதைச் சொல்லி வையுங்கள். நீண்ட நடையில் சர்க்கரை சட்டென்று இறங்கக்கூடும்.

கேள்வி: நண்பர்கள் சேர்ந்து மார்ச் மாதத்தில் ஒரு காட்டுமலையில் இரவு தங்கத் திட்டமிடுகிறார்கள். ஊர்க்காரர் ஒருவரைத் தெரியும், அனுமதியெல்லாம் தேவையில்லை என்கிறார்கள். போகலாமா?
— ஒரு வாசகர், வேளச்சேரி

பதில்: போகாதீர்கள். உங்கள் நண்பர்களையும் தடுத்து நிறுத்துங்கள்.

2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் பரவிய காட்டுத்தீயில், சென்னையிலிருந்தும் கொங்குப் பகுதியிலிருந்தும் மலையேறச் சென்றவர்களில் 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அவர்களில் பலர் இளைஞர்கள். மார்ச் மாதத்தில் மலைச்சரிவின் புல் காய்ந்து சருகாகி நிற்கும். சமதளத்தைவிட ஏறுசரிவில் தீ பல மடங்கு விரைவாக ஓடும், ஏனென்றால் கீழே எரியும் சுவாலை மேலே உள்ள புல்லை முன்கூட்டியே சூடாக்கிவிடுகிறது. மேல்நோக்கி ஓடி அந்தத் தீயை முந்த மனிதக் கால்களால் ஆகாது. அந்தச் செய்தியைப் படித்த நாளிலிருந்து, மாசி, பங்குனி மாதங்களில் புல் மலைப் பக்கம் யார் கூப்பிட்டாலும் நான் போவதில்லை.

அந்த விபத்துக்குப் பிறகு, 2018-லேயே மலையேற்றத்தை முறைப்படுத்தும் விதிகளை அரசு கொண்டுவந்தது. காப்புக்காடு வனத்துறையின் பொறுப்பில் உள்ள நிலம். அங்கே நடப்பதற்கு அனுமதி தர ஊர்க்காரருக்கு உரிமை இல்லை. 2024 அக்டோபரில் தொடங்கப்பட்ட 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தில் மாநிலம் முழுவதும் 40 பாதைகள் அறிவிக்கப்பட்டு, இணையத்தில் முன்பதிவு செய்தால் பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டி உடன் வரும் ஏற்பாடு நடைமுறையில் இருக்கிறது. காட்டுத்தீ அபாயம் மிகுந்த கோடைத் தொடக்கத்தில் பாதைகளை மூடிவைப்பதும் உண்டு. அனுமதி என்றால் வெறும் சீட்டு என்று நினைத்துவிடாதீர்கள். இன்ன நாளில், இன்ன பாதையில், இத்தனை பேர் மலைமேல் இருக்கிறார்கள் என்பது கீழே இருக்கும் ஒருவருக்குத் தெரிந்திருப்பதுதான் அதன் பயன். தேடி வர வேண்டிய நேரம் வந்தால் அந்த ஒரு தகவல்தான் உயிரைக் காக்கும்.

கேள்வி: ஏறும்போது வலிக்காத முழங்கால் இறங்கும்போது வலிப்பது ஏன்?
— ஒரு வாசகர், அம்பத்தூர்

பதில்: இறங்கும்போது ஒவ்வோர் அடியிலும் உடலின் எடையைத் தொடைத்தசை நீண்டபடியே தாங்கிப் பிடிக்க வேண்டியிருப்பதால், முழங்கால் சில்லின் மீது அழுத்தம் கூடுகிறது. அடியைச் சிறிதாக வையுங்கள், முழங்காலை விறைக்காமல் லேசாக மடித்தே வையுங்கள், கைத்தடி ஒன்றை ஊன்றிக்கொள்ளுங்கள். வலி இரண்டு நாளில் தணியாவிட்டால் எலும்பு மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: 10 வயது மகனுடன் முதல் நடைக்கு, சென்னைக்குப் பக்கத்தில் எங்கே போகலாம்?
— ஒரு வாசகி, திருநின்றவூர்

பதில்: உங்கள் ஊரிலிருந்து எட்டிவிடும் தொலைவிலேயே, பூண்டி ஏரிக்கு அப்பால், குடியம் குகைகள் இருக்கின்றன. மேலே சொன்ன 40 பாதைகளில் அதுவும் ஒன்று என்பதால், முன்பதிவு செய்து வழிகாட்டியுடன் போகலாம். பாதை புதர்க்காட்டின் வழியாகப் போகிறது, நிழல் குறைவு. மார்கழி, தை மாதங்களில் அதிகாலையில் புறப்பட்டு, வெயில் ஏறும் முன்பு திரும்பிவிடுவது நல்லது. ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீரும் ஒரு பொட்டலம் ஓ.ஆர்.எஸ். தூளும் கட்டாயம் வேண்டும். பாறை இடுக்குகளில் தேன்கூடுகள் இருக்கலாம் என்பதால் வாசனைத் திரவியம் பூசிக்கொண்டு போகக் கூடாது. குகைக்கு அருகே கூச்சலும் கூடாது.

முதலில் பூண்டியில் உள்ள தொல்பழங்கால அகழ்வைப்பகத்துக்கு மகனை அழைத்துப் போங்கள். ராபர்ட் புரூஸ் ஃபுட் என்ற ஆங்கிலேய நிலவியலாளர் 1863-இல் பல்லாவரத்தில் இந்தியாவின் முதல் பழைய கற்காலக் கற்கோடரியைக் கண்டெடுத்தார். அதே ஆண்டில் இந்தக் கொசஸ்தலை ஆற்றுப் பகுதியில் உள்ள அத்திரம்பாக்கத்திலும் அவருக்குக் கற்கருவிகள் கிடைத்தன. அங்கே பின்னாளில் அகழ்ந்தெடுத்த கருவிகளில் பழையவை ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை. அவற்றைப் பார்த்துவிட்டுக் குகைக்குப் போனால், தலைக்கு மேலே கவிந்திருக்கும் பாறை முழுவதும், களிமண்ணில் பதித்த கொட்டைகளைப்போல உருண்டைக் கற்கள் பதிந்திருப்பது அவன் கண்ணில் படும். அத்தகைய கற்களை உடைத்தும் செதுக்கியும்தான் அந்தக் கோடரிகளைச் செய்தார்கள். கீழே கிடக்கும் கல்லை அவன் கையில் எடுத்துப் பார்க்கட்டும்; ஆனால் இருந்த இடத்திலேயே வைத்துவிட வேண்டும் என்பதைப் புறப்படும் முன்பே சொல்லிவிடுங்கள். வழிகாட்டிக்கு அடுத்து அவன் நடக்கட்டும், நீங்கள் கடைசியில் வாருங்கள்.