போர் வேட்பாளரைப் பகடி செய்தல் – கடிதம்

அன்புள்ள ஐயா,

1964 அமெரிக்க அதிபர் தேர்தலை வைத்து சிற்றிதழ் ஒன்றுக்காக ஓர் அங்கதக் கட்டுரை எழுதி, உங்கள் பார்வைக்கும் அனுப்பியிருந்தேன். குடியரசுக் கட்சி வேட்பாளர் பேரி கோல்ட்வாட்டரை அணுகுண்டுப் பொத்தானைத் தேடி அலையும் பித்தராக அதில் காட்டியிருக்கிறேன். படித்த நண்பர்கள் சிரித்தார்கள். ஒருவர் மட்டும், “இது வசை. அவர் கொள்கையைப் பற்றி இதில் ஒரு வரிகூட இல்லையே” என்றார். போர் பேசும் வேட்பாளரைக் கேலிப்பொருளாக்கினால் போதாதா? அன்று அவரைத் தோற்கடித்ததும் டெய்சி விளம்பரம்தானே?

எம்., கோவை

அன்புள்ள எம்.,

உங்கள் நண்பர் சொன்னதே சரி. கட்டுரையின் நடையில் வேகம் இருக்கிறது. ஆனால் 1964இல் அமெரிக்கப் பகடிக்காரர்கள் எந்த இடத்தில் சறுக்கினார்களோ அதே இடத்தில் அதுவும் சறுக்குகிறது. அந்தச் சறுக்கலுக்குக் கொடுத்த விலை பெரிது. நவம்பர் 3 அன்று, அப்போது அதிபராக இருந்த ஜனநாயகக் கட்சி வேட்பாளர் லிண்டன் ஜான்சன் 61 சதவீத வாக்குகளோடு வென்றார். அதிபரை முறைப்படி தேர்ந்தெடுக்கும், மாநிலவாரியான தேர்வாளர் வாக்குகளில் 486க்கு 52. கோல்ட்வாட்டருக்குக் கிடைத்தவை அவருடைய சொந்த மாநிலமான அரிசோனாவும் தெற்கின் ஐந்து மாநிலங்களும்தான். நான்கு மாதம் முடிவதற்குள், 1965 மார்ச் 2 அன்று, வட வியட்நாம் மீது ‘ரோலிங் தண்டர்’ குண்டுவீச்சு தொடங்கியது. மார்ச் 8 அன்று டா நாங் கடற்கரையில் 3,500 மரீன்கள் இறங்கினார்கள். அந்த ஆண்டு முடிவில் வியட்நாமில் இருந்த அமெரிக்கப் படையினர் சுமார் 1,84,000 பேர். வேட்பாளர் தோற்றார். எந்தக் கொள்கைக்காக அவரைக் கேலி செய்தார்களோ அதில் பெரும்பகுதி அவரைத் தோற்கடித்தவரின் கையால் நடந்தேறியது.

டெய்சி விளம்பரத்தை முதலில் பார்த்துவிடுவோம். அது பகடி இல்லை, அச்சமூட்டல். ஜான்சன் தரப்பின் 60 நொடித் தேர்தல் படம். டாயில் டேன் பெர்ன்பாக் என்ற விளம்பர நிறுவனம் தயாரித்தது. ஒலிக் கலைஞர் டோனி ஷ்வார்ட்ஸுக்கு அதில் பெரும்பங்கு உண்டு. ஒரு சிறுமி பூவின் இதழ்களைப் பிய்த்தபடி எண்ணுகிறாள், எண்கள் தடுமாறுகின்றன. ஆண் குரல் ஒன்று பத்திலிருந்து கீழ்நோக்கி எண்ணுகிறது. குழந்தையின் கண்ணுக்குள் திரை நுழைந்து கறுக்கிறது, அணுகுண்டு வெடிக்கிறது. அதன்மேல் ஜான்சனின் குரல். கோல்ட்வாட்டரின் பெயர் ஓரிடத்திலும் இல்லை. செப்டம்பர் 7 அன்று என்பிசி தொலைக்காட்சியில் ஒரே ஒருமுறைதான் கட்டண விளம்பரமாக ஒளிபரப்பானது. அதன்பிறகு செய்தி நிகழ்ச்சிகள் அதைச் செலவில்லாமல் நாடெங்கும் கொண்டுபோயின. ஜான்சன் அதற்கு முன்பே வெகுதூரம் முன்னிலையில் இருந்தார். ஆகவே தேர்தலை அது தீர்மானித்தது என்று சொல்ல முடியாது. அது செய்தது வேறு. போர் அபாயம் முழுவதையும் ஒரு மனிதரின் சுபாவத்துக்குள் அடைத்துவிட்டது. அவர் போய்விட்டால் அபாயமும் போய்விடும் என்று மக்கள் நம்பினார்கள்.

இனி அவர் உண்மையில் சொன்னவற்றைப் பாருங்கள். 1964 மே 24 அன்று ஏபிசி தொலைக்காட்சிப் பேட்டியில், வியட்நாமில் காட்டு வழியாக வரும் ஆயுத வரத்தைத் தடுப்பது எப்படி என்று கேட்கப்பட்டது. பல யோசனைகள் இருக்கின்றன, அவற்றில் எதையும் நாம் பயன்படுத்துவோம் என்று நினைக்கவில்லை என்று சொல்லிவிட்டு, குறைந்த திறனுள்ள அணுகுண்டுகளால் காட்டின் இலைகளை உதிர்த்துவிட முடியும், இலை போனால் மறைவிடம் போகும் என்றார். பகடிக்காரர்கள் பின்பாதியை எடுத்துக்கொண்டு முன்பாதியை விட்டுவிட்டார்கள். அவருடைய ஆட்கள் அந்த முன்பாதியைக் காட்டியே, பொய் சொல்கிறார்கள் என்று தப்பித்தார்கள். வெட்டிய மேற்கோளில் எப்போதும் வரும் சேதம் இது.

முழுப் பேச்சையும் வைத்துக்கொண்டு எழுதியிருந்தால் எவ்வளவு கிடைத்திருக்கும்! இலை உதிர்க்க அணுகுண்டு என்றால் எத்தனை குண்டு, எத்தனை மைல் காட்டுக்கு? குண்டு விழுந்த பிறகு மழைக்காலத்தில் கதிர்வீச்சுத் துகள்கள் எந்த ஆற்றில் இறங்கும்? அந்தக் காட்டோர ஊர்க்காரர்களை யார், எங்கே கொண்டுபோவார்கள்? இந்தக் கேள்விகளோடு நின்றிருந்தாலும் பாதிதான். 1962 ஜனவரியிலிருந்தே அமெரிக்க விமானங்கள் தென் வியட்நாமின் காடுகள் மீது இலையுதிர்ப்பு ரசாயனங்களைத் தெளித்துக்கொண்டிருந்தன. கென்னடி தொடங்கினார், ஜான்சன் தொடர்ந்தார். ‘ராஞ்ச் ஹேண்ட்’ என்ற அந்த நடவடிக்கை 1971இல் நின்றபோது கொட்டி முடித்திருந்தது சுமார் 7 கோடி லிட்டர். அணுகுண்டால் இலை உதிர்க்கலாம் என்றவரைப் பார்த்து நாடே சிரித்த கோடையில், ரசாயனத்தால் இலை உதிர்த்துக்கொண்டிருந்தது அவரை எதிர்த்து நின்றவரின் அரசு. உங்கள் கட்டுரையின் கரு இங்கே இருக்கிறது.

இன்னொன்று. 1963 அக்டோபரில் ஹார்ட்ஃபோர்டில் பேசியபோது, சிறு அணு ஆயுதங்களைப் பயன்படுத்தும் அதிகாரம் நேட்டோ தளபதிக்கு இருக்க வேண்டும் என்ற பொருளில் கோல்ட்வாட்டர் சொன்னார். அவர் சொன்னது தளபதி என்றா தளபதிகள் என்றா என்று பெரிய சர்ச்சை எழுந்தது. சில நெருக்கடி நிலைகளில், அதிபரைத் தொடர்புகொள்ள முடியாதபோது, அணு ஆயுதத்தைப் பயன்படுத்தும் முன்அனுமதியை அன்றைய அதிபர் ஐசனோவர் 1950களின் இறுதியிலேயே தளபதிகளுக்குக் கொடுத்திருந்தார். ஜான்சன் காலத்திலும் அது நீடித்தது. ஆவணங்கள் வெளிவந்தது பல பத்தாண்டுகள் கழித்து. அன்றைய பகடிக்காரருக்கு இது தெரிந்திருக்க வழியில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ‘இப்போது அந்த அதிகாரம் யார் கையில் இருக்கிறது?’ என்று ஜான்சனைப் பார்த்துக் கேட்க ரகசிய ஆவணம் எதற்கு? அந்தக் கேள்வியை எழுப்பியிருக்க வேண்டிய நேரத்தில் அவர்கள் கோல்ட்வாட்டரின் மூளையைப் பரிசோதித்துக்கொண்டிருந்தார்கள்.

இதை உவமையாகச் சொல்லவில்லை. ரால்ஃப் கின்ஸ்பர்க் நடத்திய ‘ஃபேக்ட்’ இதழ் 12,356 மனநல மருத்துவர்களுக்குக் கேள்வித்தாள் அனுப்பியது. 2,417 பேர் பதில் எழுதினார்கள். 1,189 பேர், அவர் அதிபர் பதவிக்கு மனத்தளவில் தகுதியற்றவர் என்றார்கள். அவரை நேரில் பரிசோதிக்காமலே எழுதிய தீர்ப்புகள் அவை. கோல்ட்வாட்டர் வழக்குப் போட்டார். 1968இல் ஜூரி 1 டாலர் இழப்பீடும் 75,000 டாலர் தண்டனைத் தொகையும் விதித்தது. பரிசோதிக்காத ஒருவரின் மனநிலை பற்றி மருத்துவர் பொதுவெளியில் கருத்துச் சொல்லக் கூடாது என்று அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 1973இல் நெறிமுறையில் சேர்த்தது. அதற்கு இன்றும் கோல்ட்வாட்டர் விதி என்றே பெயர். பித்தர் என்ற பகடியின் முழு விளைச்சல் இவ்வளவுதான். மனநோயாளிகளை இழிவுபடுத்தும் அந்தச் சொல்லை நீங்கள் எடுத்துவிட வேண்டும் என்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

பிறகு எப்படி எழுதுவது? வேட்பாளரின் பேச்சை முழுதாக எடுங்கள், கேட்கப்பட்ட கேள்வியோடு சேர்த்து. அவர் போட்ட நிபந்தனையை வெட்டாதீர்கள். பெரும்பாலும் அங்கதத்துக்கான இடம் அந்த நிபந்தனைக்குள்தான் இருக்கும். 2008 ஜனவரியில், அந்த ஆண்டு குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளரான ஜான் மெக்கெய்ன், இராக்கில் அமெரிக்கப் படை நூறு ஆண்டுகள் இருந்தாலும் தனக்குச் சம்மதம் என்றார். அமெரிக்கர்கள் கொல்லப்படாமலும் காயப்படாமலும் இருக்கும்வரை என்றும் சேர்த்துச் சொன்னார், கொரியாவையும் ஜப்பானையும் உதாரணம் காட்டினார். எதிரிகள் ‘நூறு ஆண்டுப் போர்’ என்று சுருக்கினார்கள். அவர் எளிதாக மறுத்தார். அதற்குள் இராக்கில் சுமார் 3,900 அமெரிக்கப் படையினர் இறந்திருந்தார்கள். படை அங்கே இருப்பதாலேயே சுடுகிறார்கள் என்னும்போது, சுடாதவரை இருப்போம் என்ற நிபந்தனை எந்த நாளில் நிறைவேறும்? அந்த நாளுக்காகப் படை முகாமில் காத்திருக்கும் ஒரு அதிகாரியை எழுதியிருக்கலாம். யாரும் எழுதியதாகத் தெரியவில்லை.

அடுத்து, உறுதி, வலிமை, பாடம் புகட்டுவோம் என்று வரும் ஒவ்வொன்றுக்கும் கொத்தனாரிடம் எஸ்டிமேட் கேட்பது போலக் கணக்குக் கேளுங்கள். 2016இல் ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளர் ஹிலரி கிளின்டன் சிரியாவின் வானில் விமானங்கள் பறக்கத் தடை விதிப்பேன் என்றார். கேட்க மென்மையாக இருக்கிறது. 2013 ஜூலையில் அமெரிக்க முப்படைத் தளபதிகள் குழுவின் தலைவர் டெம்ப்சி செனட்டுக்கு எழுதிய கடிதத்தில் அதன் கணக்கு இருக்கிறது: தொடக்கச் செலவு 50 கோடி டாலர், பிறகு மாதத்துக்கு 100 கோடி டாலர் வரை, நூற்றுக்கணக்கான விமானங்கள். முதல் வேலை எதிரியின் வான்பாதுகாப்பை அழிப்பது. லிபியாவில் 2011 மார்ச் 19 அன்று அந்த வேலைக்காக முதல் நாளே 110க்கும் மேற்பட்ட டோமஹாக் ஏவுகணைகள் பாய்ந்தன. சிரியாவிலோ 2015 நவம்பரிலிருந்து ரஷ்யாவின் வான்பாதுகாப்பு ஏவுகணை அமைப்பான எஸ்-400 நின்றிருந்தது. ஆகவே தடை விதிக்க முதல் படி என்ன, அதற்கு ரஷ்யர் என்ன செய்வார் என்று இரண்டு கேள்வி போதும். அன்று கேலிகள் பெரும்பாலும், அரசுப் பணிக்கு ஹிலரி தனி சர்வரில் வைத்திருந்த மின்னஞ்சலையே சுற்றிவந்தன.

சட்டத்தையும் விடாதீர்கள். 1973 போர் அதிகாரத் தீர்மானப்படி அதிபர் 48 மணி நேரத்துக்குள் காங்கிரஸுக்குத் தெரிவிக்க வேண்டும். ஒப்புதல் இல்லையென்றால் 60 நாளில் நிறுத்த வேண்டும், படையை விலக்க மேலும் 30 நாள். லிபியாவில் 60 நாள் கடந்தபோது, நாங்கள் செய்வது அந்தச் சட்டம் சொல்லும் போர் நடவடிக்கையே அல்ல என்று ஒபாமா அரசு வாதிட்டது.

உங்கள் கட்டுரைக்கு வருகிறேன். சூழலை எவ்வளவு வேண்டுமானாலும் பெருக்குங்கள். அவர் வாயில் அவர் சொல்லாத சொல்லை வைக்காதீர்கள். இரண்டாம் பக்கத்தில் ராணுவ எழுத்தர் இலைகளுக்கு ரசீது எழுதும் பகுதி மிக நன்றாக இருக்கிறது. அதை விரியுங்கள், ரசாயன விமானங்களை அங்கே பறக்கவிடுங்கள். கோல்ட்வாட்டர் பொத்தானை அழுத்தும் கடைசிக் காட்சியை எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில் 1964 ஆகஸ்ட் 7ஐ வையுங்கள். போரை முறையாக அறிவிக்காமலே வியட்நாமில் படைபலத்தைப் பயன்படுத்த அதிபருக்கு அதிகாரம் தந்த டோன்கின் வளைகுடாத் தீர்மானம் அன்று பிரதிநிதிகள் சபையில் 416க்கு 0, செனட்டில் 88க்கு 2 என்று நிறைவேறியது. ஜான்சன் கேட்டார், கோல்ட்வாட்டர் ஆதரித்தார். எதிர்த்தவர்கள் ஓரிகானின் வெய்ன் மோர்ஸும் அலாஸ்காவின் எர்னஸ்ட் க்ரூனிங்கும். இருவரும் ஜான்சனின் கட்சிக்காரர்கள். 1968இல் இருவருமே பதவியை இழந்தார்கள். உங்கள் பத்துப் பக்கங்களில் இவர்கள் பெயரே வரவில்லை. சேர்த்து எழுதி அனுப்புங்கள், படிக்கிறேன்.