கடல் வற்றும் நேரம் பார்த்துக் கிளம்புங்கள்

கேள்வி: எங்கள் கல்லூரி விலங்கியல் மாணவர்களைக் குஜராத்தின் சிறிய ரண் பாலைவனத்துக்கும் ஜாம்நகர் பக்கம் நராரா கடற்கரைக்கும் ஒரே பயணத்தில் அழைத்துப் போகிறோம். இரண்டும் சம்பந்தமில்லாத பாடம், ஒன்றை விட்டுவிடலாம் என்கிறார் சக ஆசிரியர். எதை விடுவது?

பதில்: எதையும் விடாதீர்கள். மழைக்காலத்தில் சிறிய ரண் பாலைவனமே இல்லை. ஒரு பக்கம் ஆற்று வெள்ளம், இன்னொரு பக்கம் சூரஜ்பாரி கடற்கழி வழியாகக் கடல்நீர் என்று தரை முழுக்கத் தண்ணீர் நிற்கும். அங்கே வாழும் காட்டுக் கழுதைகள் 'பேட்' எனப்படும் மேடுகளில் ஏறிக்கொள்ளும். கடலிலிருந்து பொடி இறால் உள்ளே வந்து வளர்ந்து, நீர் வடியும்போது திரும்பிப் போகும். சூரஜ்பாரியில் வலை கட்டிப் பிடிப்பது அந்த இறாலைத்தான். அதே தரை குளிர்காலத்தில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்க, மேலே காட்டுக் கழுதை ஓடும். உங்கள் சக ஆசிரியரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

தேதியை மட்டும் கல்லூரி அட்டவணையை வைத்துக் குறிக்காதீர்கள். நான் அப்படித்தான் குறித்தேன். கடல் உள்வாங்கினால்தான் நராராவில் அடித்தரையில் நடந்து உயிர்களைப் பார்க்க முடியும். பஸ்ஸை விட்டு இறங்கினால் கடல் நிரம்பித் ததும்புகிறது. பையன்கள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. கடல் வற்றும் நேரம் தினமும் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித்தான் நன்றாக உள்வாங்கும். அடுத்த வருஷம் பஞ்சாங்கத்தைப் பார்த்துவிட்டுப் போனேன்.

அந்த முறை ஒரு மாணவி சாப்பாட்டுத் தட்டு அகலக் குட்டை ஒன்றின் பக்கத்தில் குந்தினாள். கல் என்று நினைத்தது மெல்ல நிறம் மாறி, ஒரு கையை நீட்டியது. பேய்க்கணவாய், அதாவது ஆக்டோபஸ்! அதை விட்டு எழவே மாட்டேன் என்றாள். பக்கத்துப் பாறையில் கடல் நத்தைகள் ஈரம் போகாமல் ஓட்டின் வாயை இறுக்கி மூடிக்கொண்டு, தண்ணீர் வரக் காத்திருந்தன. இரண்டு நாள் கழித்து ரண் ஓரத்தில் முள்வால் பல்லியின் வளை. குளிருக்கு வாசலை மண்ணால் அடைத்து உள்ளே தூங்குகிறது. "சார், இதுவும் கதவைச் சாத்திக்கிச்சு!" என்றாள். அதற்கு மேல் நான் என்ன பாடம் எடுப்பது?

கேள்வி: ஆய்வகத்துக்கு மாதிரிகள் எடுத்து வரலாமா?

பதில்: கூடவே கூடாது. பவளம், கடல் அட்டை, கடல் குதிரை மூன்றுமே 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. செத்த பவளத் துண்டுகூட வேண்டாம். புரட்டிய கல்லை இருந்தபடியே திருப்பி வையுங்கள். இல்லாவிட்டால் அடியில் ஒட்டியிருப்பவை வெயிலில் காய்ந்து செத்துவிடும். ரண்ணில் ஜீப் ஓட்டுபவர் உற்சாகத்தில் கழுதைகளைத் துரத்தினால் வண்டியை நிறுத்தச் சொல்லுங்கள். 1976 கணக்கெடுப்பில் 720 ஆக இருந்தவை 2024இல் 7,672 ஆகியிருக்கின்றன. நின்ற வண்டியிலிருந்து பைனாகுலரில் பார்த்தாலே போதும், குட்டிகூடத் தெரியும்.