எம்டன் கப்பலுக்கு எந்தச் சாம்பல்?

அஸ்தம்பட்டியிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். முதல் உலகப் போர்க்கால ஜெர்மன் போர்க்கப்பலான எஸ்எம்எஸ் எம்டனின் மாடல் கிட் ஒன்றை 1/350 அளவில் வாங்கி வைத்திருக்கிறாராம். பெட்டியில் வந்த தாள் ஒரு சாம்பலைச் சொல்கிறது. இணையத்தில் ஒருவர் வெள்ளை உடலும் மஞ்சள் புகைபோக்கியுமாகச் செய்து வைத்திருக்கிறார், இன்னொருவர் முழுக்கப்பலையும் கரும்சாம்பலில் அடித்திருக்கிறார். பழைய கறுப்பு வெள்ளைப் படத்தைப் பார்த்தால் உடல் வெளுத்தும் புகைபோக்கிகள் நன்றாகக் கறுத்தும் தெரிகின்றன, அதனால் உடலுக்கு வெளிர்சாம்பல், புகைபோக்கிக்குக் கரும்சாம்பல் என்று முடிவு செய்துவிட்டேன், சரிதானா என்பது கேள்வி.

சரியில்லை, இன்னும் அடிக்கவில்லை என்றால் நிறுத்துங்கள். நீங்கள் படத்தில் பார்ப்பது கரும்சாம்பலே அல்ல, சந்தன நிறம். வெள்ளை உடலும் அடர்ந்த சந்தன நிறப் புகைபோக்கியும்தான் ஜெர்மன் கடற்படையின் வெளிநாட்டுக் கப்பல்களுக்கு அமைதிக்காலத்தில் வழக்கம். அந்தச் சந்தனம் எப்படிக் கறுப்பாக மாறியது என்றால், அதற்குக் காரணம் அந்தக்காலத்துப் படத்தகடு. அதன் கண்ணும் நம் கண்ணும் ஒன்றல்ல.

இதை நான் சொல்லி நம்புவதைவிட நீங்களே செய்து பார்த்துவிடுங்கள், பூஜை அறையில் இருக்கும் சாமான் போதும். ஒரு வெள்ளைத் தாளில் விபூதி, சந்தனம், மஞ்சள், குங்குமம் நான்கையும் வரிசையாக ஒரு விரல் தேய்த்துவிட்டு, துணிக்குப் போடும் சொட்டு நீலத்தில் ஒரு பொட்டு வையுங்கள். வெயிலில் ஒரு போட்டோ எடுங்கள். போனில் இருக்கும் ஏதாவது ஒரு படத்திருத்தச் செயலியில் கறுப்பு வெள்ளையாக மாற்றி, நீல ஃபில்டர் போட்டுப் பாருங்கள். குங்குமம் கரிக்கட்டையாகிவிடும். கண்ணுக்குப் பளிச்சென்று வெளிச்சமாக இருந்த மஞ்சள் ஏறக்குறைய குங்குமத்துக்குப் பக்கத்தில் போய் உட்காரும். சந்தனம் நடுத்தரச் சாம்பலாக இறங்கும். நீலப் பொட்டு வெளுத்து விபூதியை நோக்கிப் போகும். 1910 வாக்கில் கேமராவில் போட்ட தகடுகள் ஏறத்தாழ இப்படித்தான் உலகத்தைப் பார்த்தன. சாதாரணத் தகட்டுக்கு நீலம்தான் நன்றாகத் தெரியும், ஆர்த்தோக்ரோமேட்டிக் வகைக்குப் பச்சையும் எட்டும், சிவப்பு மட்டும் இரண்டுக்குமே இருட்டு. எல்லா நிறத்தையும் ஓரளவு ஒழுங்காகப் பதிவு செய்யும் பான்க்ரோமேட்டிக் ஃபிலிம் பரவலானது முதல் உலகப் போருக்கு அப்புறம். அதனால் 1930க்கு முந்தைய படத்தை எடுத்து வைத்துக்கொண்டு ‘கறுப்பாக இருக்கிறது, ஆகவே அடர்நிறம்’ என்று யார் சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

இப்போது அடிப்படையான விஷயத்துக்கு வருகிறேன். ‘எம்டனின் நிறம் என்ன’ என்ற கேள்விக்குப் பதில் கிடையாது, ‘எம்டன் இந்தத் தேதியில் என்ன நிறம்’ என்ற கேள்விக்குத்தான் பதில் உண்டு. போர்க்கப்பல் மாடல் செய்கிறவர்கள் பலர் கடையில் பாட்டில் எண்ணைத் தேடி ஆரம்பிக்கிறார்கள், அதனால்தான் சண்டை முடிவதே இல்லை. தேதியை முடிவு செய்யுங்கள், பாதி வேலை முடிந்துவிடும். எம்டன் 1908இல் டான்சிக்கில் நீரில் இறக்கப்பட்டது, 1910இல் ஜெர்மனியை விட்டுக் கிழக்கே சீனக் கடற்கரையில் சிங்தாவோவுக்கு வந்தது, 1914 நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவுகளில் ஆஸ்திரேலியாவின் சிட்னி கப்பலிடம் அடிபட்டு அழிந்தது. இந்த ஆறு வருடத்துக்குள் சந்தன நிறப் புகைபோக்கியோடு வெள்ளை அன்னமாக இருந்த எம்டனும் உண்டு, போர் மூண்டதும் சாம்பலுக்கு மாறிய எம்டனும் உண்டு. ‘கிழக்கின் அன்னம்’ என்ற பட்டப்பெயர் அந்த முதல் கோலத்தோடு வந்தது. இணையத்தில் வெள்ளையில் செய்தவர் தப்புச் செய்யவில்லை, அவர் வேறொரு வருடத்தைச் செய்திருக்கிறார்.

உங்களுக்கு எந்த எம்டன் வேண்டும் என்று நீங்கள் எழுதவில்லை. ஆனால் தமிழ்நாட்டில் எம்டன் செய்கிறவருக்கு வேண்டியது 1914 செப்டம்பர் 22 இரவுதான் என்று நினைக்கிறேன். ஒன்பதரை மணி வாக்கில் சென்னைத் துறைமுகத்துக்கு வெளியே வந்து நின்று, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போன எம்டன். உயர்நீதிமன்றச் சுவரில் அதற்கு இன்றும் ஒரு கல்வெட்டு இருக்கிறது. ‘அவன் பெரிய எம்டன்’ என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொன்னது இந்தக் கப்பலை வைத்துத்தான். அந்தக் கப்பல் சாம்பல். வெள்ளையில் செய்து அடியில் ‘சென்னை 1914’ என்று பலகை வைத்தால் பெரிய பிழையாகிவிடும்.

சரி, எந்தச் சாம்பல்? கெய்சர் கடற்படையில் 1890களின் நடுவிலிருந்து தாய்நாட்டுக் கப்பல்களுக்குச் சொன்ன முறை: உடலுக்கு வெளிர்சாம்பல், மேற்கட்டுமானத்துக்கும் புகைபோக்கிக்கும் அதைவிட ஒரு படி வெளுத்த சாம்பல். மேலே போகப் போக வெளுப்பது என்ற இந்தப் பழக்கத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். நீங்கள் திட்டமிட்டது இதற்கு நேர் தலைகீழ். இரண்டாம் உலகப் போர் ஜெர்மன் கப்பல்களுக்கான பாட்டில்களையும் இதற்கு வாங்க வேண்டாம், அது வேறு கடற்படை, வேறு உத்தரவு. பாட்டிலில் ‘ரால்’ எண் போட்டிருந்தால் அதுதான் அசல் என்று எண்ணவும் கூடாது. ரால் நிற அட்டவணையே 1927இல்தான் வந்தது. 1914 கப்பலுக்கு ரால் எண் சொன்னால், இன்றைய அட்டையில் கிட்டத்தட்ட இதுபோல என்று ஒருவர் கைகாட்டுகிறார் என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் பெயின்ட் எதனால் ஆனது என்று யோசிக்க வேண்டும். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள், எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் இதுதான். நாம் இன்று எடுக்கிற வெள்ளை எல்லாம் டைட்டானியம் வெள்ளை. அது தொழிற்சாலையில் பெரிய அளவில் வர ஆரம்பித்ததே 1916க்குப் பிறகு. எம்டன் காலத்து வெள்ளை ஈய வெள்ளையும் துத்தநாக வெள்ளையும், ஆளி விதை எண்ணெயில் குழைத்தது. அந்த எண்ணெய் நாளாக நாளாக மஞ்சளிக்கும், வெயில் படாத இடத்தில் இன்னும் சீக்கிரம் மஞ்சளிக்கும். சாம்பலுக்குக் கறுப்பு என்று சேர்த்தது விளக்குக் கரி போன்ற புகைக்கரி. வெள்ளையில் மெல்லிய கரியைக் கலந்தால் வருவது வெறும் சாம்பல் அல்ல, லேசாக நீலம் ஓடும் சாம்பல். கண்மையைத் தொட்டு விபூதியில் ஒரு சிட்டிகை குழைத்துப் பார்த்தால் தெரியும். அந்த நீலச் சாம்பலின் மேல் எண்ணெயின் மஞ்சள் ஏறினால் என்ன ஆகும்? பச்சையாகத் தெரியும். இதனால்தான் அருங்காட்சியகத்தில் இருக்கும் பழைய பெயின்ட் துண்டைப் பார்த்துவிட்டு ‘கப்பல் பச்சைச் சாம்பல்’ என்று எழுதுகிறவர்கள் தடுமாறுகிறார்கள். துண்டு உண்மையானதுதான், ஆனால் நூறு வருடம் மாறிய துண்டு.

அதே எச்சரிக்கை வேறு சில சாட்சிகளுக்கும் உண்டு. கோகோஸ் தீவில் கரைதட்டிக் கிடக்கும் எம்டனின் படங்கள் ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தின் சேகரிப்பில் நிறைய இருக்கின்றன, யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம். ஏணி, கயிறு, பீரங்கிக் கவசம், மரத்தளம் என்று அமைப்பைப் பார்க்க அவை தங்கம். நிறத்துக்கு உதவாது, ஏனென்றால் அது எரிந்த கப்பல். பெயின்ட் கொப்புளித்து உரிந்த தகட்டைப் பார்த்து நிறம் சொல்ல முடியாது. சிட்னி நகரப் பூங்காவில் வைத்திருக்கும் எம்டன் பீரங்கியும் அப்படியே, வெட்டவெளியில் நிற்கும் எந்த நினைவுச்சின்னத்துக்கும் பராமரிப்பவர்கள் மேலே பெயின்ட் பூசிக்கொண்டே இருப்பார்கள். விசாகப்பட்டினம் கடற்கரையில் ஐஎன்எஸ் குர்சுரா நீர்மூழ்கியைப் பார்த்துவிட்டு வந்து அதன் நிறம் இதுதான் என்று சொல்கிறவர்களுக்கும் இதையே சொல்வேன். கடைசியாக, கணினி நிறமேற்றிய பழைய படங்கள். அவற்றைத் தயவுசெய்து திறந்தே பார்க்காதீர்கள். யாரும் எதையும் கண்டுபிடித்து அந்த நிறத்தைப் போடவில்லை, ஆனால் ஒருமுறை பார்த்துவிட்டால் மனதை விட்டுப் போகாது.

கறுப்பு வெள்ளைப் படத்தை வீணென்று ஒதுக்கவும் வேண்டாம். சாம்பலைச் சாம்பலோடு ஒப்பிட அது நல்ல சாட்சி. ஒரே படத்துக்குள், ஒரே பக்கம் வெயில் விழும் இரண்டு இடங்களை மட்டும் ஒப்பிடுங்கள். கொடியில் இருக்கும் வெள்ளை, மாலுமியின் வெள்ளைச் சட்டை, இவை இருந்தால் அதற்கும் உடலுக்கும் எவ்வளவு தூரம் என்று பாருங்கள். நிழல் விழுந்த பக்கத்தையும் ஈரமான நீர்க்கோட்டையும் தொடாதீர்கள். எம்டன் போன்ற கப்பலில் உடல் கொஞ்சம் சாய்வு, புகைபோக்கி உருளை, ஒளி விழும் விதமே வேறு. அதையும் கழித்துவிட்டுத்தான் ‘இது அதைவிட வெளுப்பு’ என்று சொல்லலாம்.

கலக்கும் விஷயத்தில் நான் பாடம் படித்தது அம்மாப்பேட்டை சாயப்பட்டறையில். பட்டு நூலைச் சாயத்தில் முக்கி எடுத்ததும் அந்த அண்ணன் தொட்டிக்கு மேலே எரியும் பல்பைப் பார்க்கவே மாட்டார். ஒரே ஒரு இழையைப் பிழிந்து, விரலில் சுற்றி, வாசலுக்கு வந்து, வெயிலில் அல்ல, தாழ்வாரத்து நிழலில் நின்று மாதிரி நூலோடு சேர்த்துப் பிடிப்பார். பிறகு அதை ஊதி ஊதிக் காயவைத்து மறுபடி பிடிப்பார், ஈரத்தில் ஒரு நிறம், காய்ந்தால் ஒரு நிறம். நான் ஒருமுறை இரவு எல்இடி விளக்கில் கலந்து திருப்தியோடு ஒரு முழு உடலை அடித்துவிட்டு, மறுநாள் ஏற்காட்டில் நண்பர் வீட்டுத் திண்ணையில் எடுத்து வைத்தபோது அது அழுத்தமான பச்சைச் சாம்பலாக இருந்தது. முழுவதையும் கழுவி எடுக்க வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து ஐஸ்கிரீம் ஸ்பூன்தான். ஸ்பூனின் முதுகில் மாடலுக்கு அடிக்கும் அதே பிரைமர், அதன்மேல் கலவை, பாதிக்கு மேட் வார்னிஷ். காய்ந்தபின் காலை பத்து மணிக்கு மொட்டைமாடி நிழலில் வைத்துப் பாருங்கள். ஸ்பூன் காம்பில் கலவை அளவை எழுதி வையுங்கள், ஆறு மாதம் கழித்து ஒரு கீறல் விழுந்தால் அதுதான் காப்பாற்றும்.

டாமியா மாடல் பெயின்டில் தொடங்குவதானால் உடலுக்கு எக்ஸ்எஃப்-19 ஸ்கை கிரே, மேற்கட்டுமானத்துக்கு அதிலேயே மூன்றுக்கு ஒன்று வெள்ளை எக்ஸ்எஃப்-2. இது என் தேர்வு, உங்கள் ஸ்பூன் வேறு சொன்னால் ஸ்பூனைக் கேளுங்கள். ஹார்டுவேர் கடை மெஷினில் நிறம் கலந்து தரும் எனாமல் மட்டும் வேண்டாம், நிறம் சரியாக வந்தாலும் 34 சென்டிமீட்டர் கப்பலில் பீரங்கியின் விளிம்பெல்லாம் மூழ்கிவிடும்.

தூரத்துக்காக வெளுக்க வேண்டுமா என்றும் பலர் கேட்பதுண்டு. அஞ்சு ரோட்டிலிருந்து பார்த்தால் சேர்வராயன் மலை நீலச் சாம்பல், கொண்டை ஊசி வளைவுகளில் ஏறிப்போனால் பச்சைப் பசேல். நடுவில் இருக்கும் காற்று செய்கிற வேலை அது. அதனால் மாடலையும் வெளுக்க வேண்டும் என்பது வாதம். ஆனால் மலை கிலோமீட்டர் கணக்கில் தள்ளி இருக்கிறது. உங்கள் மாடலை ஒரு மீட்டர் தள்ளி நின்று பார்த்தால் அது 350 மீட்டர் தூரத்துக் கப்பல், அவ்வளவுதான். அந்தத் தூரத்தில் காற்று பெரிதாக வெளுக்காது. கறுப்பையும் அடியிலிருக்கும் செங்காவியையும் மட்டும் ஒரு துளி மட்டுப்படுத்துங்கள், சாம்பலை விட்டுவிடுங்கள்.

சென்னைக்கு வந்த அன்று எம்டன் கழுவித் துடைத்த கப்பலாக இருந்திருக்காது. பிடித்த கப்பல்களையும் கூடவே வந்த மார்கோமானியா என்ற நிலக்கரிக் கப்பலையும் கடல் நடுவிலேயே பக்கத்தில் அணைத்துக் கட்டி நிலக்கரி ஏற்றியது, அலையில் இரண்டும் உரசி பக்கவாட்டுத் தகடு அடி வாங்கியது. ஆகவே துருவை மேலிருந்து கீழாக மட்டும் ஒழுகவிடாமல், உடலின் நடுப்பகுதியில் கிடைக்கோடாகச் சில சிராய்ப்புகள் கொடுங்கள், புகைபோக்கி உச்சியில் கரி. ஒருவேளை மனம் மாறி அக்டோபர் 28 அன்று பினாங்குத் துறைமுகத்தைத் தாக்கிய எம்டனாகச் செய்தால், எதிரியை ஏமாற்ற அது வைத்திருந்த நான்காவது பொய்ப் புகைபோக்கியைப் பொருத்துங்கள். அது கேன்வாஸும் மரமும். அதே சாம்பலை அடித்து, அந்த ஒன்றுக்கு மட்டும் மேட் வார்னிஷை இன்னொரு கை கூடுதலாகப் போடுங்கள்.