கிணற்றில் மண்ணெண்ணெய்ப் படலம்: சவர்க்காரத் தூள் போடலாமா?

கிணற்றில் மண்ணெண்ணெய் மிதக்கிறது, சவர்க்காரத் தூள் போட்டால் பிரிந்துவிடும் என்று ஒரு அண்ணை சொன்னார், போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். போடாதீர்கள். மிதக்கும்வரைதான் மண்ணெண்ணெயை எடுக்கலாம். தூளைப் போட்டுக் கலக்கினால் அது பால்போலக் கலங்கி அடிவரை போய்விடும்.

சவர்க்கார மூலக்கூறின் ஒரு முனை எண்ணெயைப் பிடிக்கும், மறுமுனை தண்ணீரை. போதிய அளவு சேர்ந்தால் அவை உருண்டையாகத் திரண்டு எண்ணெயை உள்ளே அடக்கிக்கொள்ளும். இதுதான் மைசெல். இதே குணத்தை வைத்துக் கழிவுநீரிலிருந்து மாசைப் பிரிக்கிறார்கள் என்று அந்த அண்ணை சொன்னது சரி. ஆனால் அங்கே மைசெல் நுழையாத நுண்துளைச் சவ்வால் வடிக்கிறார்கள். கிளிநொச்சியில் உங்கள் வளவுக் கிணற்றில் அதற்கு எங்கே போவது?

பழைய தலையணையின் இலவம்பஞ்சை மெல்லிய துணியில் கட்டி, கயிற்றில் மிதக்கவிடுங்கள். பஞ்சில் இயற்கையாகவே மெழுகு உண்டு. தண்ணீரை விலக்கி எண்ணெயைக் குடிக்கும். ஊறியதும் மாற்றுங்கள். வாளியால் அலம்ப வேண்டாம்.

அள்ள அள்ளப் படலம் திரும்புகிறதென்றால் கிணற்றடியில் உள்ள மண்ணெண்ணெய்ப் பம்பில்தான் கசிவு என்று நினைக்கிறேன். இரவு அதன் கீழே காய்ந்த கடதாசி மட்டை ஒன்றை வையுங்கள். விடியக் கறை இருந்தால் பம்பைக் கிணற்றுக் கட்டை விட்டுத் தள்ளி வையுங்கள்.

படலம் போனாலும் உடனே குடிக்காதீர்கள். கரைந்த பகுதி கண்ணுக்குத் தெரியாது. இறைத்துவிட்டு, பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டுத் தண்ணீரைச் சோதியுங்கள்.